பெரட்டில் பதில் சொன்னவர் யார்?

பல வருடம் நிரல் எழுதிய கைக்கு ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது. தனக்குக் கீழே இருப்பதையெல்லாம் அது நம்பிவிடுகிறது. தரவுத்தளம் கேட்டதைக் கொடுக்கும், இயங்குதளம் சொன்னதைச் செய்யும், கம்பியின் மறுமுனையில் இருப்பது நாம் அழைத்த சர்வர்தான். இப்படி நம்பாமல் ஒரு நாளில் பத்து வரிகூட எழுத முடியாது. வலையமைப்புப் பாதுகாப்பைப் படிக்க உட்கார்ந்தால் முதலில் இந்த நம்பிக்கையின் மேல்தான் கை வைக்க வேண்டியிருக்கிறது. லூப் தெரியும், ஏபிஐ தெரியும், பைதான் தெரியும் என்ற துணிச்சலோடு வருகிறவருக்கு அது சங்கடமான இடம். தெரிந்தது எதுவும் வீணாகப் போவதில்லை. ஆனால் தெரிந்ததற்கு அடியில் என்ன ஓடுகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும்.

நான் இதைப் படித்துக்கொண்டிருப்பது மலேசியாவின் ரந்தாவ் பக்கம், தோட்டத்தை ஒட்டி எழுந்த ஒரு தாமான் குடியிருப்பில். பால்மரம் நின்ற இடத்தில் இப்போது செம்பனை. வெளிக்காட்டு வேலையில் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் இருக்கிறார்கள். லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் சைபர்ஜெயாவுக்கும் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கணினி படித்த பிள்ளை ஒன்றாவது இல்லாத தெரு எங்கள் தாமானில் இல்லை. அவர்களில் சிலர் தேநீர்க் கடையில் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். “அண்ணே, ப்ரோகிராமிங் தெரியும். செக்யூரிட்டி படிக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறது?” அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலோர் முதல் நாளே காலி லினக்ஸைத் தரவிறக்கிக்கொள்கிறார்கள். 2013இல் வெளிவந்த அந்த இயங்குதளத்தில் நூற்றுக்கணக்கான கருவிகள் தயாராக இருக்கின்றன. காணொளியில் பார்த்தபடி கட்டளையைத் தட்டினால் திரை நிறைய எழுத்து ஓடும். ஏன் ஓடியது என்று மட்டும் தெரியாது. சான்றிதழ்த் தேர்வுக்குப் பணம் கட்டி மனப்பாடம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிரல் தெரிந்தவர் இந்த இரண்டு வாசல்களிலும் நுழையத் தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து. அவர் வயர்ஷார்க்கைத் திறந்துவைத்துக்கொண்டு தன் வீட்டு வைஃபையில் என்ன பேச்சு நடக்கிறது என்று சும்மா கவனிக்கட்டும். ஜெரால்ட் கோம்ஸ் 1998இல் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்ட மென்பொருள் அது. 2006இல் பெயர் மாறியது. அன்றும் இன்றும் இலவசம்.

திறந்த சில நொடிகளில் ஒரு வரி கண்ணில் படும். “192.168.0.1 யாரிடம் இருக்கிறது? 192.168.0.14க்குச் சொல்லவும்.” மடிக்கணினிக்கு ரவுட்டரின் ஐபி முகவரி தெரியும். அனுப்பவேண்டிய வன்பொருள் முகவரி தெரியாது. அதனால் அந்த வலையமைப்பில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி கூவுகிறது. அடுத்த வரியிலேயே பதில் வருகிறது. “192.168.0.1 என்னிடம் இருக்கிறது, இதோ என் முகவரி.” மடிக்கணினி அதைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வெளியுலகத்துக்குப் போகவேண்டிய எல்லாவற்றையும் அந்த முகவரிக்கே அனுப்புகிறது. ஏஆர்பி என்று இதற்குப் பெயர். டேவிட் பிளம்மர் 1982 நவம்பரில் எழுதிய ஆர்எஃப்சி 826இல் பத்தே பக்கத்தில் முழு விதியும் இருக்கிறது. ஒரே மாலையில் படித்துவிடலாம். படித்து முடித்ததும் நிரலாளர் மனத்தில் எழவேண்டிய கேள்வி ஒன்றுதான். பதில் சொன்னது உண்மையிலேயே ரவுட்டர்தானா என்று அந்தப் பத்துப் பக்கத்தில் எங்கே சரிபார்க்கிறார்கள்?

எங்கேயும் இல்லை.

தோட்டத்தில் பெரட்டு எப்படி நடந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்த ஓட்டை சட்டென்று விளங்கும். விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள், பதில் வரும், கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பார். கங்காணி காலத்தில் வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. வராத ஆளின் பெயர் செக்ரோலில் விழுந்தால் கங்காணிக்கு லாபம், தோட்டத்துக்கு நட்டம். ஆகவே கூப்பிட்ட பெயருக்குக் குரல் வந்தால் மட்டும் போதாது, முகமும் தெரியவேண்டும். பொய் சொன்னால் யாருக்கு ஆதாயம் என்று தெரிந்த இடத்தில் குரலோடு முகத்தையும் பார்த்தார்கள். ஏஆர்பி குரலை மட்டும் கேட்கிறது. கூப்பிடாதபோதே “நான்தான்” என்று ஒருவன் கத்தினாலும் குறித்துக்கொள்கிறது. 1982இல் ஒரே கட்டடத்துக் கம்பியில் இருந்த இயந்திரங்கள் ஒன்றையொன்று அறிந்தவை. அங்கே பொய் சொல்லி ஆதாயம் அடைய யாரும் இருக்கவில்லை. இன்று அதே விதி உணவுக்கடை வைஃபையில் ஓடுகிறது.

இதை நம்பிப் படித்தால் போதாது, செய்து பார்க்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் மூன்று மெய்நிகர்க் கணினிகளை வெளியுலகத் தொடர்பில்லாத தனி வலையமைப்பில் இணையுங்கள். முதலாவது கேட்கட்டும், இரண்டாவது ரவுட்டராக நின்று உண்மையான பதில் சொல்லட்டும், மூன்றாவது பொய்ப்பதில் சொல்லட்டும். பொய்ப்பதிலை அனுப்பும் நிரல் பைதானில் சில வரிகள்தான். வயர்ஷார்க் உடனே எச்சரிக்கும், ஒரே ஐபியை இருவர் உரிமை கொண்டாடுகிறார்கள் என்று. முதல் கணினியின் அட்டவணையைப் பார்த்தால் ரவுட்டரின் ஐபிக்கு நேரே மூன்றாவதின் முகவரி உட்கார்ந்திருக்கும். பூட்டு எதையும் உடைக்கவில்லை, கடவுச்சொல் எதையும் திருடவில்லை. முதல் கணினி தானாகவே தன் பேச்சு முழுவதையும் கொண்டுபோய் மூன்றாவதின் கையில் கொடுக்கிறது. அந்த அட்டவணையைக் கண்ணால் பார்த்தவருக்கு எச்டிடிபிஎஸ் ஏன் வந்தது, சான்றிதழ் எச்சரிக்கையை ஏன் தட்டிவிட்டுப் போகக்கூடாது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிரல் தெரிந்திருப்பதன் பலன் இங்கேதான் கிடைக்கிறது. கருவியை வாங்காமல் நாமே செய்யலாம். ஓர் இயந்திரத்தின் போர்ட்டுகளில் எவை திறந்திருக்கின்றன என்று பார்க்கும் நிரலைப் பைதான் சாக்கெட் கொண்டு ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். ஓடவிட்டால் மூன்று விதமான முடிவு வரும். சில போர்ட்டுகள் இணைப்பை ஏற்கும். சில உடனே மறுக்கும். சில எதுவும் சொல்லாது, நிரல் காத்துக் காத்துக் காலக்கெடு முடிந்து திரும்பும். அந்த மௌனத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ஃபயர்வால் இருக்கிறது என்று கண்டுகொள்ளும்போது டிசிபியின் கைகுலுக்கல் புத்தகப் படமாக இருப்பதை விட்டு அனுபவமாகிறது. அதற்குப் பிறகு இதே வேலைக்குப் பெயர்பெற்ற என்மேப் கருவியைத் திறந்தால் அது செய்வதெல்லாம் தெரிந்த முகமாக இருக்கும்.

என் வீட்டில் இப்படிப் பார்த்தபோது வாசலில் மாட்டிய மலிவான கேமராவில் 23ஆம் போர்ட் திறந்திருந்தது. டெல்நெட். பெட்டியோடு வந்த கையேட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் உலகமெங்கும் பரவியது இந்த வாசல் வழியாகத்தான். தொழிற்சாலையில் வைத்த பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதுக்கும் மேல் அதன் கையில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. பிடித்த சாதனங்களை ஏவி அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் டிஎன்எஸ் பெயர்ச்சேவையை முடக்கியபோது டுவிட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல இடங்களில் திறக்கவில்லை. எங்கள் தாமானில் பாதி வீட்டு வாசலில் இப்படி ஒரு கேமரா மாட்டியிருக்கிறது. திருடனுக்குப் பயந்து வாங்கியவை.

நிரலெழுதத் தெரிந்த ஒருவர் பாதுகாப்புக்குள் எப்படி நுழைந்தார் என்பதற்கு நான் அறிந்தவற்றில் மிக நல்ல உதாரணம் கிளிஃபோர்ட் ஸ்டோல். அவர் வானியலாளர். 1986இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் அவருடைய ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோக, அதே ஆய்வகத்தின் கணினிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே கணினி நேரத்துக்குக் கட்டணம் கணக்கிட இரண்டு நிரல்கள் இருந்தன. இரண்டின் மொத்தத்திலும் 75 சென்ட் வித்தியாசம். புதியவரிடம் கொடுக்கத்தக்க சின்ன வேலையாகத் தோன்றியிருக்க வேண்டும், அதைப் பார்க்கச் சொன்னார்கள். ஸ்டோல் வேறு எவரையும்போல நிரலில் தசமப் பிழை தேடித்தான் தொடங்கினார். நிரல் சரியாக இருந்தது. கட்டணம் அனுப்ப முகவரி இல்லாத ஒரு பயனர்தான் அந்த 75 சென்டுக்குக் காரணம்.

தொடர்ந்து தோண்டியபோது, அது வெளியிலிருந்து ஊடுருவிய ஒருவனின் வேலை என்பதும், ஈமேக்ஸ் என்ற எடிட்டரோடு வந்த அஞ்சல் துணைநிரல் ஒன்று தேவைக்கு மீறிய அதிகாரத்தோடு நிறுவப்பட்டிருந்தது என்பதும் தெரிந்தன. அஞ்சலை இடம் மாற்றுவதற்காக எழுதியது அது. எந்தக் கோப்பையும் எந்த இடத்துக்கும் மாற்ற அதனால் முடிந்தது. ஊடுருவியவன் அதைப் பயன்படுத்தித் தன்னையே நிர்வாகியாக்கிக்கொண்டான். நிரலாளர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அந்தத் துணைநிரலைச் சோதித்தவர்கள் அஞ்சல் சரியாக இடம் மாறுகிறதா என்று பார்த்திருப்பார்கள். மாறியது. வேறு என்னவெல்லாம் மாறும் என்ற கேள்வி சோதனைப் பட்டியலில் இருந்திருக்காது. நாம் எழுதும் சோதனைகளிலும் அந்தக் கேள்வி அநேகமாக இருப்பதில்லை.

ஸ்டோல் கதவை உடனே அடைக்கவில்லை. உள்ளே வரும் தொலைபேசி இணைப்புகளில் அச்சுப்பொறிகளையும் டெர்மினல்களையும் ஒரு வார இறுதியில் கடன் வாங்கி மாட்டினார். வந்தவன் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் தாளில் விழுந்தது. வானியலாளர்கள் வைத்திருப்பதைப் போல நாள், மணி, நிமிடம் போட்டு ஒரு குறிப்பேடு எழுதினார். வந்தவன் பெர்க்லியை வழியாக்கிக்கொண்டு ராணுவக் கணினிகளைத் தேடிப் போனான். பல இடங்களில் ‘கெஸ்ட்’ என்ற பெயரே அவனை உள்ளே விட்டது. அவனை நெடுநேரம் இணைப்பில் இருக்கவைக்க ஸ்டோல் போலியான கோப்புகளைத் தயாரித்து வைத்தார். அவற்றைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் மேற்கு ஜெர்மனியின் அஞ்சல்துறை இணைப்பைப் பின்தொடர்ந்து ஹானோவர் நகரில் மார்க்கஸ் ஹெஸ் என்பவனின் வீட்டை அடைந்தது. திரட்டிய தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டிருந்தன. 1989இல் ஸ்டோல் இதையெல்லாம் ‘தி குக்கூஸ் எக்’ என்ற நூலாக எழுதினார்.

இந்தக் கதையில் என்னை ஈர்ப்பது உளவு பார்த்த பகுதியைவிட அந்தக் குறிப்பேடு. ஸ்டோலிடம் பாதுகாப்புப் பயிற்சி இருக்கவில்லை. கணக்கு ஒத்துப்போகாவிட்டால் விடமாட்டேன் என்ற பிடிவாதமும் பார்த்ததை எழுதிவைக்கும் ஒழுக்கமும் இருந்தன. எடைபோட்ட பாலுக்குச் சென் கணக்கில் கூலி வாங்கிய வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். 75 சென்டைச் சில்லறை என்று தள்ளிவிடாத மனம் நமக்கு இயல்பாகவே வரவேண்டும்.

அந்த ஒழுக்கத்தைப் பழக நல்ல இடம் பதிவுக்கோப்பு. மலிவான ஒரு வாடகைச் சர்வரை எடுத்து, அதில் எதுவும் வைக்காமல், எஸ்எஸ்எச் வாசலை மட்டும் திறந்துவைத்து அதன் பதிவுக்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் அந்த முகவரியைச் சொல்லவில்லை, அதில் எந்த இணையதளமும் இல்லை. ஆனாலும் அன்றைக்கே தட்டத் தொடங்கிவிட்டார்கள். ரூட் என்ற பெயரில் தவறான கடவுச்சொல், அட்மின் என்ற பெயரில் தவறான கடவுச்சொல், டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள், பை. வேறு வேறு நாட்டு முகவரிகள். இதில் பகை எதுவும் இல்லை, அவர்களுக்கு என்னைத் தெரியாது. இயந்திரங்கள் முகவரிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டு போகின்றன. “எங்களை யார் ஹேக் பண்ணப் போறான்” என்று சிறு கடை நடத்துகிறவர்கள் கேட்பதுண்டு. அந்தப் பதிவுக்கோப்பில் பத்து நிமிடம் கண்ணோட்டினால் கேள்வி மாறிவிடும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நம் பிள்ளைகள் சிலர் அதை அறியாமலே பள்ளி வைஃபையிலும் அலுவலக வலையமைப்பிலும் கருவிகளை ஓட்டிப் பார்க்கிறார்கள். மலேசியாவின் கணினிக் குற்றச் சட்டம் 1997இல் வந்தது. அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதே அதன் 3ஆம் பிரிவின்படி குற்றம். 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். எதையும் திருடவில்லை, கற்றுக்கொள்ளத்தான் செய்தேன் என்பது தப்பிக்கும் வழியாகாது. 2024 ஆகஸ்ட் 26 அன்று நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், ஊடுருவல் சோதனையைச் சேவையாக வழங்குகிறவர்கள் உரிமம் பெறவேண்டும் என்கிறது. சொந்த இயந்திரம், சொந்த வலையமைப்பு, அல்லது எழுத்தில் அனுமதி. இந்த எல்லைக்குள் கற்க வேண்டியது ஆயுளுக்கும் போதும் அளவுக்கு இருக்கிறது.

எதற்காகக் கற்பது என்பதை எனக்குத் தெளிவாக்கியது எதிர்வீட்டு அக்கா. தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். ஒரு மாலை கைப்பேசியை நீட்டினார்.

“தம்பி, கல்யாண கார்டுன்னு வாட்சாப்புல வந்துச்சு. தொட்டேன், ஒன்னும் தெறக்க மாட்டேங்குது.”

“என்னமோ கேட்டுச்சா அக்கா, அலவ் கொடுன்னு?”

“கேட்டுச்சு. கொடுக்கலாமான்னுதான் ஒன்னைத் தேடி வந்தேன்.”

நல்ல வேளை. வந்திருந்தது அழைப்பிதழ்ப் படம் இல்லை, ஏபிகே கோப்பு. அதை நீக்கிவிட்டு, ஒரு பிரதியை என் மடிக்கணினியில் ஓடவிடாமல் பிரித்துப் பார்த்தேன். ஆண்ட்ராய்டு செயலி ஒவ்வொன்றும் தனக்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்று ஒரு பட்டியலில் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பத்திரிகை கேட்டிருந்தவை குறுஞ்செய்தியைப் பெறுவதற்கும் படிப்பதற்குமான அனுமதிகள். பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டெக் எண் வந்த கணமே வெளியே போய்விடும். இந்த வகை மோசடி இந்த நாட்டில் பரவலாக நடந்திருக்கிறது. குறுஞ்செய்தி வழி அனுப்பும் எண்ணைக் கைவிடும்படி 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளைக் கேட்டுக்கொண்டதற்கு இப்படிப்பட்ட திருட்டுகளே காரணம். ஏஆர்பியில் பார்த்த அதே நோய்தான் இங்கேயும். எண்ணைத் தட்டியவர் கணக்குக்கு உரியவர்தான் என்று வங்கி எடுத்துக்கொண்டது. எண்ணை வேறொருவனும் படிக்க முடியும் என்ற இடத்தில் அந்த நம்பிக்கை உடைந்தது.

அக்காவின் ஊழியர் சேமநிதிப் பணம் அந்தக் கைப்பேசியோடு இணைந்த கணக்கில் இருக்கிறது. முப்பது, நாற்பது வருட உழைப்பு. தோட்டப்புறத்தில் 55 வயதில் கையில் வரும் இந்தத் தொகைதான் பலருக்கு வாழ்நாளின் ஒரே பெரிய பணம். ஒருமுறை போய்விட்டால் மறுபடி சேர்க்க உடம்பில் தெம்பு இருக்காது. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தின் எண் 997 என்பதை எங்கள் தெருவில் வீடு வீடாகச் சொல்லியிருக்கிறேன். பணம் போனது தெரிந்ததும் அழைத்தால்தான் பயன். ஒவ்வொரு மணிநேரமும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும். இதைத் தமிழில், பதற்றத்தில் இருக்கும் ஒரு வயதான பெண்ணுக்குப் புரியும்படி சொல்ல ஆள் வேண்டும். சைபர்ஜெயாவில் உட்கார்ந்திருக்கும் நிபுணர்களால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

இங்கே நிலமும் மாறிக்கொண்டிருக்கிறது. பால்மரமும் செம்பனையும் நின்ற காடுகள் சிரம்பான் 2 ஆகவும் சென்டாயான் ஆகவும் மாறியதைப் பார்த்தோம். போர்ட்டிக்சன் ஸ்பிரிங்ஹில்லில் தரவு மையத்துக்காக கமுடா நிறுவனம் நிலம் வாங்கும் செய்தி 2024 டிசம்பரில் வந்தது. அந்தக் கட்டடங்கள் எழும்போது நம் பிள்ளைகள் அவற்றின் வாசலில் ஜாகா வேலைக்கு மட்டும் நிற்கக்கூடாது. உள்ளே ஓடும் பாக்கெட்டுகளைப் படிக்கத் தெரிந்தவர்களாகப் போகவேண்டும். அதற்கான அடிப்படை, நிரல் எழுதத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் ஏற்கெனவே இருக்கிறது.

1980களில் முரசு அஞ்சலைத் தொடங்கிக் கணினியில் தமிழை எழுதவைத்த முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். தமிழ் திரையில் வந்து நாளாகிவிட்டது. திரையில் தமிழ் படிப்பவர்களைக் காக்கும் அறிவு இன்னும் தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை. ஆகவே என்னைக் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய மடிக்கணினி ஒன்றில் வயர்ஷார்க்கைப் போட்டு உங்கள் வீட்டு வலையமைப்பை மட்டும் கவனியுங்கள். ஒரு குறிப்பேடு வையுங்கள், பார்த்ததை நாள், மணி போட்டு எழுதுங்கள், தமிழில் எழுதுங்கள். வாசல் கேமராவின் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுங்கள், எதிர்வீட்டுக்கும் மாற்றிக் கொடுங்கள். சனிக்கிழமை ஒன்றில் பக்கத்துத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, கணினி அறையில் பெற்றோரை உட்காரவைத்து, ஒரு ஏபிகே கோப்பு என்னென்ன அனுமதி கேட்கிறது என்று திரையில் காட்டுங்கள்.